எக்ஸும் நெகட்டிவ், ஒய்யும் நெகட்டிவ்

கவலைப்படுகிறவர்களைப் பற்றி ஊரில் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. எந்நேரமும் பயந்துகொண்டே இருப்பதால் அவர்கள் எதற்கும் தயாராக இருப்பார்களாம். நம்பாதீர்கள். கவலைப்படுகிறவன் தயாராகத்தான் கிளம்புவான்; ஆனால் வராத ஆபத்துக்குத் தயாராகிக் கிளம்புவான். வருகிற ஆபத்து வேறு வாசல் வழியாக வந்து உட்கார்ந்திருக்கும்.

எனக்கு வாய்த்த தொழிலும் அப்படி. மரக்காணம் உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் குட்டியானை ஓட்டுகிறேன் (சின்ன லோடு வண்டிதான், தும்பிக்கையைத் தேட வேண்டாம்). உப்புக்கும் மழைக்கும் ஆகாது. வானத்தில் கைக்குட்டை அளவு மேகம் தெரிந்தாலும் ஈ.சி.ஆரில் வண்டியை ஓரங்கட்டித் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவேன். பின்னால் வரும் பஸ்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

நான் படித்தது ஒன்பதாவது வரை. குடும்பக் கஷ்டத்தால் நின்றுவிட்டேன் என்று சொன்னால் கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். உண்மையான காரணம் எக்ஸ். "எக்ஸ் என்பது நமக்குத் தெரியாத எண்" என்றார் டீச்சர். அவருக்கே தெரியாததை என்னிடம் ஏன் கேட்கிறார் என்ற கவலை எனக்கு அன்றே தொடங்கிவிட்டது. பக்கத்து பெஞ்சுக்காரன் எப்படியோ எக்ஸ் என்றால் ஐந்து என்று கண்டுபிடித்துவிடுவான். அப்பாடா என்று அதை மனப்பாடம் செய்துகொண்டு மறுநாள் போனால், அதே எக்ஸ் பன்னிரண்டாக இருக்கும். நாளுக்கொரு பேச்சு பேசுகிற ஆளோடு எத்தனை நாள்தான் பழக முடியும்? நானே விலகிக்கொண்டேன்.

ஆனால் நான் பெண் பார்க்கப் போன வீட்டில் அந்த எக்ஸ் என்னை வந்து பிடித்தது.

பெண் ஸ்டெல்லா. எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் படிப்பார். பவுல் யாருக்கோ எழுதிய திருமுகத்தை அவர் படித்தால் எனக்கே எழுதியது போல இருக்கும். நான் தூண் ஓரமாக நின்று அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, சாமியார் பிரசங்கத்தின்போது வண்டிக்கு ஹேண்ட்பிரேக் போட்டோமா என்று கவலைப்படப் போய்விடுவேன். அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று ரோசி அத்தை ஒருநாள் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அதற்கு முன் எனக்குப் பேசிய இடங்களிலெல்லாம் "பையன் என்ன படிச்சிருக்கான்?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துபோயிருந்தது. இவரோ பி.எஸ்சி. படித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் பேசிட்டேன்டா ஆரோக்கியம்" என்றாள் அத்தை. "படிப்பு கொஞ்சம் கம்மிதான், ஆனா கணக்குல புலின்னு சொல்லிட்டேன். பேங்க் பரீட்சைக் கணக்கெல்லாம் மனசுலயே போடுவான்னேன். அவங்கப்பாவுக்கு ஒரே சந்தோசம். பொண்ணு படிக்கறதுக்குத் தோதா ஒருத்தன் கெடச்சான்னு."

"ஏன் அத்த அப்பிடிச் சொன்ன? கேட்டாங்கன்னா?"

"பொண்ணு பாக்கப் போற எடத்துல எவன்டா கணக்குக் கேப்பான்? போண்டா குடுப்பாங்க, தின்னுட்டு வா."

அத்தைக்கு அது போதும். எனக்குப் போதுமா? நேராக என் கூட்டாளி குமாரிடம் ஓடினேன். வங்கித் தேர்வு எழுதுவதில் குமாரைப் போல அனுபவசாலி எங்கள் பக்கத்தில் கிடையாது (அதாவது, பாஸ் ஆகாதவன்). தமிழ் கைடு ஒன்றை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கே வந்துவிட்டான்.

"இப்ப இன்னா கேக்கறான்னா, அளவு ஒன்னு, அளவு ரெண்டுன்னு குடுத்து எது பெரிசுன்னு கேக்கறான். அடுத்து நெகட்டிவ்னு ஒன்ன உள்ள உடறான். அங்கதான் எல்லாரும் கவுந்துடறாங்க" என்று இரண்டு உப்பு மூட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து வைத்தான். "இது ரெண்டு மூட்ட. இப்ப மைனஸ் ரெண்டுன்னா?"

"தெரியலடா."

"ரெண்டு மூட்ட இல்லன்னு அர்த்தம்."

எனக்குப் பகீர் என்றது. "எந்த ரெண்டு மூட்டடா? நேத்து ஏத்துனதுலயா?"

"டேய், சும்மா வெச்சுக்கோடா! இப்ப மைனஸ் மூணு. மூணு மூட்ட இல்ல. ரெண்டு மூட்ட இல்லாதது பெரிசா, மூணு மூட்ட இல்லாதது பெரிசா?"

"மூணு காணோம்னாதான்டா பெரிய விஷயம். ஓனர் என்னக் கொன்னுடுவாரு."

குமார் கைடை மூடிவிட்டு, தேர்வு எழுதி எழுதித் தான் அடைந்த ஞானத்தை எனக்கு அருளினான். "இதோ பாரு. எக்ஸும் நெகட்டிவ், ஒய்யும் நெகட்டிவ். எக்ஸ் மேல, ஒய் கீழ வெச்சா ஒரு பின்னம். திருப்பிப் போட்டு ஒய் மேல, எக்ஸ் கீழ வெச்சா இன்னொரு பின்னம். எது பெரிசு? எக்ஸ் பெரிசா ஒய் பெரிசான்னு அவன் சொல்லவே இல்ல. அப்ப எப்பிடிச் சொல்றது? முடியாது. ஆப்ஷன் அஞ்சு. எது கேட்டாலும் அஞ்சு சொல்லு. சொல்றதையும் சுத்தத் தமிழ்ல சொல்லு, படிச்சவன் மாதிரி இருக்கும்."

கைடில் ஐந்தாவது விடை இப்படி அச்சாகியிருந்தது: 'உறவை நிறுவ இயலாது.'

உறவை நிறுவ இயலாது, உறவை நிறுவ இயலாது என்று மூட்டை ஏற்றும்போதும் இறக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகினேன். எந்த இடத்தில் போய் அதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கும் உறைக்கவில்லை, குமாருக்கும் உறைக்கவில்லை. இரண்டு பேருக்கும் கவனம் முழுக்கக் கணக்கில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினோம். அம்மாவுக்கு இடுப்புவலி, அதனால் எங்கள் தரப்பு என்பது ரோசி அத்தையும் குமாரும்தான். வண்டியைக் கழுவி வைத்திருந்தேன். அப்படியும் அத்தையின் பட்டுப்புடவையில் எங்கிருந்தோ உப்பு வந்து ஒட்டிக்கொண்டது. முன்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம் என்பதால், குமார் பின்னால் மூட்டை வைக்கும் இடத்தில் பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தான்.

ஸ்டெல்லாவின் அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். என்னைக் கண்டதும், "வாங்க தம்பி, கணக்குல பெரிய ஆளாமே" என்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. போண்டாவும் மிக்சரும் வந்தன. காபி வந்தது. தாய்மாமனை இன்னும் காணோமே என்று ஸ்டெல்லாவின் அப்பா வாசலுக்குப் போனார். ஸ்டெல்லாவும் வந்தார், கையில் செல்போனோடு.

"ஒரு டவுட்டுங்க. காலைல மாக் டெஸ்ட் எழுதினேன், ஒரு கணக்கு புரியல. கேக்கலாமா?"

எவன்டா கேப்பான் என்ற அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அத்தை போண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லா படித்தார். கோயிலில் வாசகம் படிக்கும் அதே குரல். "எக்ஸும் ஒய்யும் நெகட்டிவ். எக்ஸ், ஒய்யை விடப் பெரியது. அளவு ஒன்று: எக்ஸ் பை ஒய். அளவு இரண்டு: ஒய் பை எக்ஸ். எது பெரியது?"

படித்த கேள்வியே வந்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. (நடுவில் ஒரு வாக்கியம் புதிதாகச் சேர்ந்திருந்தது என்பதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.) வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவருடைய அம்மா, "ஸ்டெல்லா, பால் பொங்குது பாரு!" என்று கத்த, "யோசிச்சு வைங்க, வந்துடறேன்" என்று உள்ளே ஓடினார். அதே நேரம் வாசலில் பைக் சத்தம். தாய்மாமன் வந்துவிட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு விடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அசந்தால் ஓடிவிடும்.

தாய்மாமன் சவரி மாமா முன்னாள் வார்டு மெம்பர். போன தேர்தலில் மூன்றே ஓட்டில் தோற்றவர். அதிலிருந்து ஊரில் அவரை எக்ஸ் மெம்பர் என்பார்கள். அவசரத்துக்கு வெறும் எக்ஸ் என்பார்கள். எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த எக்ஸ் ஒன்றே ஒன்றுதான்.

மாமா ஸ்டெல்லாவின் அப்பாவோடு உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உரக்கக் கேட்டார்: "என்ன தம்பி, பாத்துப் பேசியாச்சா? முடிவு என்ன?"

நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் நின்றிராத நிமிர்வோடு சொன்னேன்:

"உறவை நிறுவ இயலாது."

குமாரின் கை மிக்சருக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. ஸ்டெல்லாவின் அப்பா முகத்திலிருந்த சிரிப்பு எங்கே இறங்குவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"தம்பி... என்ன சொல்றீங்க? ஏன் முடியாது?"

எனக்கு ஒரே பூரிப்பு. விடையை மட்டும் சொன்னால் போதாது, வழிமுறையும் கேட்கிறார்கள். நன்றாகப் படித்த குடும்பம்!

"ரெண்டும் நெகட்டிவுங்க."

"எது ரெண்டும்?"

"எக்ஸும் நெகட்டிவ், ஒய்யும் நெகட்டிவ்."

சவரி மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். "யாரப் பாத்து நெகட்டிவுங்கற?"

"எக்ஸைத்தாங்க."

"பேரையே சொல்றான் பாருங்க மச்சான்! முகத்துக்கு நேரா!"

"அப்ப ஒய்யி நானா?" என்றார் அப்பா பரிதாபமாக.

நிலைமை ஏதோ சரியில்லை என்று எனக்கே தோன்றியது. விளக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் தெளிவாகச் சொன்னேன். "எக்ஸை மேல வெச்சாலும் ஒன்னுதாங்க, கீழ வெச்சாலும் ஒன்னுதாங்க. யாரு பெரிசு யாரு சின்னதுன்னு சொல்லவே முடியாது."

"மேல கீழன்னு பேசறியா? ஒரே கோயில்ல ஒக்காந்து பூசை பாக்கறவங்கடா நாம! மச்சான், பழத்தட்டத் திருப்பிக் குடுங்க!"

"ஐயோ, அவன் ஏதோ ஒளர்றான்!" என்று அத்தை எழுந்து கும்பிட்டாள். "டேய், ஒக்கார்றா! அவனுக்குக் காய்ச்சல் அண்ணே, மூணு நாளா காய்ச்சல்..."

(எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சுடுவது போலத்தான் இருந்தது.)

அப்போது ஸ்டெல்லா பால் துடைத்த துணியோடு ஓடி வந்தார். "மாமா! உக்காருங்க. அவரு கணக்கு சொல்றாரு. நான்தான் கேட்டேன். அது ஆப்ஷன் அஞ்சு."

"கணக்கா?"

"எக்ஸ், ஒய்யெல்லாம் கணக்குல வர்றது மாமா. நீங்க இல்ல."

ஸ்டெல்லாவின் அப்பா அப்படியே சோபாவில் விழுந்தார். "கணக்கா! நான் என்னவோன்னு... அட, கணக்கு!" அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். குமாரின் கை மிக்சரை வாய்க்குக் கொண்டு சேர்த்தது. என் உயிரும் திரும்பி வந்து உட்கார்ந்தது.

மாமாவுக்கு மட்டும் இன்னும் முழுதாக இறங்கவில்லை. "சரி, கணக்கு. அப்ப சரியாத்தான் சொன்னாரா?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், முடிந்தால் காப்பாற்றியிருப்பேன் என்று இருந்தது. ஆனால் வாசகத்தில் ஓர் எழுத்தை மாற்றிப் படிக்காதவர் அவர்.

"தப்பு மாமா."

"தப்பா?"

"எக்ஸ் பெரிசுன்னு சொல்லியிருக்குது இல்ல? எக்ஸ் மைனஸ் ரெண்டு, ஒய் மைனஸ் மூணுன்னு வெச்சுக்கங்க. ஒன்ன ஒன்னால வகுத்தா ரெண்டு மைனஸும் போயிடும். முதல் பின்னம் மூணுல ரெண்டு பங்கு, ஒன்னுக்கும் கம்மி. ரெண்டாவது ஒன்னரை. அதனால ரெண்டாவதுதான் பெரிசு. நல்லாவே சொல்ல முடியும்."

எல்லோரும் ரோசி அத்தையைப் பார்த்தார்கள். "புலின்னீங்களே?" என்றார் மாமா.

"காலைலேர்ந்து சாப்புடல" என்றாள் அத்தை.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எனக்கு எக்ஸுன்னா என்னன்னே தெரியாதுங்க. ஒம்போதாவதுல அதப் பாத்துதான் பயந்து ஓடினேன். பொண்ணு பேங்க் பரீட்ச எழுதுதுன்னாங்க, ஒரு கணக்காவது தெரியணுமேன்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். அதுவும் வேற கணக்கு போலிருக்குது" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைத் தேடினேன்.

"பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்றார் ஸ்டெல்லாவின் அப்பா. அதற்கு என்ன அர்த்தம் என்பது எந்த கைடும் இல்லாமலே எனக்குத் தெரியும்.

வண்டியில் அத்தை பேசியதை எல்லாம் எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். "ஒரு போண்டாவத் தின்னுட்டு வாய மூடிட்டு வர முடியாதா? நிறுவ இயலாதாம்! நீ என்ன கலெக்டரா?" என்று பாதித் தூரம் வந்தபோதுதான் பின்னால் பார்த்தேன். அங்கே ஆளில்லை.

"அத்த... குமாரு எங்க?"

அவசரத்தில் அவனை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

எந்த வீட்டு வாசலை இனி வாழ்நாளில் மிதிக்கக் கூடாது என்று சற்றுமுன் முடிவு செய்தேனோ, அதே வாசலுக்குத் திரும்பிப் போனேன். உள்ளே ஒரே சத்தம். எனக்கு எதிராகப் பஞ்சாயத்து நடக்கிறது என்று நினைத்து எட்டிப் பார்த்தால், சவரி மாமா குமாரின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"அதெப்பிடிம்மா மூணை விட ரெண்டு பெரிசாவும்? மைனஸ் போட்டா மூணு ரெண்டாயிடுமா?" என்று ஸ்டெல்லாவிடம் சண்டை. என்னைக் கண்டதும், "வாப்பா தம்பி! நீயே சொல்லு. மைனஸ் ரெண்டு பெரிசா, மைனஸ் மூணு பெரிசா?"

"மூணுதாங்க" என்றேன். இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. காணாமல் போவதென்றால் மூன்று மூட்டைதான் பெரிது.

"பாத்தியா! தம்பிக்கு வெவரம் இருக்குது!"

ஸ்டெல்லா பெருமூச்சு விட்டார். "மாமா, நீங்க மூணு ஓட்டுல தோத்தீங்க. ரெண்டு ஓட்டுல தோத்திருந்தா?"

மாமா யோசித்தார். "ஜெயிப்புக்கு இன்னும் கிட்டப் போயிருப்பேன்."

"அப்ப இன்னும் மேல இருந்திருப்பீங்க இல்ல? அதான் மைனஸ் ரெண்டு பெரிசு."

மாமா அப்படியே அடங்கி உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "உடுங்க மாமா, அது கணக்கு. ஊர்ல யாரு அப்பிடிப் பாக்கறாங்க?" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. நானும் எப்போது விடுவார் என்று கவலைப்பட்டுக்கொண்டே நின்றேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வண்டிக்கு வந்தால் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தார்.

"அந்தக் கணக்குக்கு நானும் மாக் டெஸ்ட்ல அஞ்சுதான் போட்டேன்" என்றார். "கண்டிஷனக் கவனிக்கல. அப்புறம் பால் அடுப்புக்கிட்ட நின்னுதான் போட்டுப் பாத்தேன்."

"தப்பாப் போட்டா என்ன ஆவும்?"

"நெகட்டிவ் மார்க். கால் மார்க் போயிடும்."

"எனக்கும் போச்சுங்களா?"

"கால்தான் போச்சு. உங்களுக்கு முன்னாடி வந்தவரு என் புக்கெல்லாம் பாத்துட்டு, கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் எதுக்குன்னாரு. நீங்க எனக்காக எக்ஸ் படிக்கப் போயிருக்கீங்க. அப்பாகிட்ட சரின்னு சொல்லிட்டேன்."

அவர் போன பிறகும் நெடுநேரம் அங்கேயே நின்றேன். கால் மார்க் போன பிறகு எப்படி பாஸ் ஆனேன் என்று எனக்குக் கணக்கு உதைத்தது. வீட்டில் முதலில் பச்சைக்கொடி காட்டியவர் சவரி மாமாவாம். அதுவும் எனக்குப் புரியவில்லை.

கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால், "மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறீர்களா?" என்று சாமியார் கேட்டார். எனக்கு வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு நொடிதான் தாமதித்திருப்பேன். அதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து மாமாவின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது: "தம்பி! ஒன்னோ ரெண்டோ சொல்லு, அஞ்ச மட்டும் சொல்லிடாத!" சாமியார் சிரித்து முடிக்கும் வரை பூசை நின்றது.

இப்போது ஸ்டெல்லா வங்கியில் வேலை பார்க்கிறார். எனக்கு மைனஸ் இரண்டு ஏன் பெரிது என்று இன்றுவரை பிடிபடவில்லை. அவர் சொல்லும்போது புரிகிறது, எழுந்து போனதும் போய்விடுகிறது. வீட்டில் யாரும் யாரிடமும் 'தெரியாது' என்று சொல்வதில்லை. சாயங்காலம் மழை வருமா என்றால் 'அஞ்சு'. குமார் கடனை எப்போது திருப்பித் தருவான் என்றாலும் 'அஞ்சு'.

எங்கள் மகள் மெர்லின் யு.கே.ஜி. போகிறாள். போன வாரம் சவரி மாமா வீட்டு விசேஷத்தில் அவளைச் சூழ்ந்துகொண்டு, "அப்பாவப் புடிக்குமா, அம்மாவப் புடிக்குமா?" என்று எல்லோரும் கேட்டார்கள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அஞ்சு" என்றாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அவளைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போய், "நிஜமாவே சொல்ல முடியலையாடா கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் என் காதில் வாயை வைத்துச் சொன்னாள்: "அம்மாவத்தான்பா. சொன்னா நீ கவலப்படுவ இல்ல, அதான் அஞ்சுன்னேன்."